விலைவாசி ஏறினால் அரசு எதைக் கையில் எடுக்கலாம்? வட்டி, விலை வரம்பு, மானியம், நேரடிப் பணம்: ஓர் ஒப்பீடு

1990களின் தொடக்கத்தில் பிரேசிலின் சூப்பர் மார்க்கெட்டுகளில் விலைச்சீட்டு ஒட்டுவதற்கென்றே ஆள் இருந்தார். கையில் ஒரு சிறு கருவியோடு அலமாரி அலமாரியாக நகர்ந்து, பழைய விலையின் மேல் புதிய விலையை ஒட்டிக்கொண்டே போவார். அவர் வந்து சேர்வதற்குள் வேண்டியதைக் கூடையில் போட்டுக்கொள்ள மக்கள் முந்துவார்கள். 1993இல் அந்நாட்டின் பணவீக்கம் ஆண்டுக்கு 2,400 சதவீதத்தைத் தாண்டியிருந்தது.

அந்த நாட்களில் வசதியுள்ளவர்களின் பணம், ஓரிரவுக்குள் வட்டி சேரும் வங்கிக் கணக்குகளில் விலைவாசியோடு சேர்ந்தே ஏறிக்கொண்டிருந்தது. கூலியை நோட்டாக வாங்கியவரின் பணமோ சட்டைப்பையிலேயே கரைந்தது. பணவீக்கம் எல்லோரையும் ஒரே மாதிரி அடிப்பதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

விலை ஏறும்போதெல்லாம் நாட்டுக்கு நாடு ஒரே வழக்குதான் நடக்கிறது. "வட்டியை ஏற்று" என்பார் ஒருவர். "விலைக்கு உச்சவரம்பு வை" என்பார் இன்னொருவர். மானியம் கொடு, இல்லை கையில் பணமாகவே கொடு என்று மேலும் இரண்டு குரல்கள். நான்குமே ஏழைகளின் பெயரைச் சொல்லித்தான் பேசுகின்றன. கேட்கும் வாசகருக்குத் தலை சுற்றுவதில் வியப்பில்லை. இவற்றில் எது எப்போது சரி?

என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விலையேற்றத்தை அடக்குவதற்கு ஆகும் செலவை யாராவது ஒருவர் கட்டியே ஆக வேண்டும். இந்த நான்கு வழிகளுக்கும் இடையிலான வேறுபாடு, பில் யார் வீட்டுக்குப் போகிறது, எப்போது போகிறது என்பதில்தான் இருக்கிறது.

## எதை வைத்து அளப்பது?

நான் நான்கு கேள்விகளை வைத்துக்கொள்கிறேன்.

வேரைத் தொடுகிறதா? விலையேற்றத்துக்கு வேர்கள் பல. மக்கள் கையில் செலவழிக்கும் பணம் பொருளின் அளவைவிட வேகமாகப் பெருகியிருக்கலாம். போர், வறட்சி, எண்ணெய் தட்டுப்பாடு என்று வரத்து சுருங்கியிருக்கலாம். அல்லது பட்ஜெட்டில் விழுந்த துண்டை அடைக்க அரசு பணத்தை அச்சடித்து, நாணயத்தின் மதிப்பே சரிந்திருக்கலாம். ஒரு வேருக்கான மருந்து இன்னொன்றுக்கு விஷமாவதும் உண்டு.

சுமை யார் தோளில்? ஏழைக் குடும்பம் தன் வருமானத்தில் பெரும்பங்கை உணவுக்கே செலவிடுகிறது. அதனால் பத்திரிகையில் வரும் சராசரிப் பணவீக்கம் ஒன்று, அந்த வீடு அனுபவிக்கும் பணவீக்கம் வேறொன்று. ஏற்றத்தாழ்வை அளக்கும் கினி குறியீடு மெல்ல நகரும் எண். ஓரிரு ஆண்டுக் கொள்கையின் விளைவை அதில் தேடினால் பெரும்பாலும் ஏமாற்றம்தான்.

மறைந்திருக்கும் செலவு என்ன? அறிவிப்பு நாளில் தெரியாதது, பிறகு வேறு பெயரில் வருவது.

திரும்பி வர வழி உண்டா? எல்லா அரசுகளும் தடுமாறும் இடம் இது.

## வட்டி விகிதத்தை ஏற்றுவது

பணவீக்கம் மிதமிஞ்சிய செலவினால் வந்தது என்றால் இதுவே நேரான வழி. கடன் விலை ஏறும்; வீடு, கார், தொழிற்சாலை விரிவாக்கம் எல்லாம் தள்ளிப்போகும்; சந்தையில் போட்டி தணிந்து விலை இறங்கும்.

எடுத்துக்காட்டாக எல்லோரும் சொல்வது பால் வோல்க்கரைத்தான். 1979 ஆகஸ்டில் அமெரிக்க மத்திய வங்கியின் தலைவரானார். 1980 மார்ச்சில் பணவீக்கம் 14.8 சதவீதம். அவர் இறுக்கிய இறுக்கில் குறுகிய கால வட்டி 20 சதவீதத்தை ஒட்டிப் போனது. 1983க்குள் பணவீக்கம் 3 சதவீதத்துக்கு அருகில் வந்துவிட்டது. வெற்றிதான். ஆனால் 1982இன் இறுதியில் வேலையின்மை 10.8 சதவீதத்தைத் தொட்டது. கறுப்பினத் தொழிலாளர்களிடையே அது 20 சதவீதத்தையும் தாண்டியது. வேலை தேடி அலைந்தவர்கள் ஒருபுறம். வைப்புநிதியும் கடன்பத்திரமும் வைத்திருந்து நல்ல வட்டி பார்த்தவர்கள் மறுபுறம். வீடு கட்டி விற்போர் தங்கள் வயிற்றெரிச்சலைக் காட்ட மரத்துண்டுகளைத் தபாலில் வோல்க்கருக்கு அனுப்பினார்கள். கட்டடத்துக்கு உதவாத மரம் அலுவலக மேசைக்கு உதவட்டும் என்று நினைத்திருப்பார்கள்.

மறைந்த செலவு எல்லை தாண்டியும் போனது. டாலரில் கடன் வாங்கியிருந்த நாடுகளுக்கு வட்டிச் சுமை திடீரென்று பெருத்தது. 1982 ஆகஸ்டில் மெக்சிகோ தன்னால் கடனைக் கட்ட முடியாது என்று கைவிரித்தது. லத்தீன் அமெரிக்காவுக்கு அது ஒரு தசாப்தத்தையே தின்றது. வாஷிங்டனில் எடுத்த முடிவுக்கு வேறு நாட்டு ஏழைகள் கட்டிய பில் அது.

ஆனாலும் வட்டி உயர்வுக்குக் கொடுக்கும் விலை எப்போதும் இவ்வளவு கொடுமையாக இருக்க வேண்டியதில்லை. 2022 மார்ச் முதல் 2023 ஜூலை வரை அதே மத்திய வங்கி வட்டியைப் பூஜ்யத்தின் அருகிலிருந்து 5.25–5.50 சதவீதத்துக்கு ஏற்றியது. 9.1 சதவீத உச்சத்திலிருந்து பணவீக்கம் இறங்கியது. வேலையின்மை 2023 முழுவதும் 4 சதவீதத்துக்குக் கீழேயே நின்றது. பெருந்தொற்றுக்குப் பின் வரத்து தானாகவே சீரானது ஒரு காரணம். பணவீக்கம் நிரந்தரமாகிவிடும் என்ற எண்ணம் மக்கள் மனதில் வேரூன்றாதது இன்னொன்று.

வட்டியை ஏற்றாமல் விட்டால் ஏழைக்கு நல்லதா? துருக்கி அதைச் சோதித்துப் பார்த்தது. 2021 செப்டம்பரில் 19 சதவீதமாக இருந்த வட்டியை, விலைவாசி ஏறிக்கொண்டிருக்கும்போதே குறைத்துக்கொண்டே வந்து 2023 தொடக்கத்தில் 8.5 சதவீதத்தில் நிறுத்தினார்கள். 2022 அக்டோபரில் பணவீக்கம் 85 சதவீதம். நாட்டு நாணயமான லிரா சரிந்ததும், வங்கியில் லிராவாகவே பணத்தை வைத்திருப்போருக்கு நாணய வீழ்ச்சியால் வரும் நட்டத்தை அரசுத் தரப்பே ஈடுசெய்யும் என்று 2021 டிசம்பரில் ஒரு திட்டம் வந்தது. நினைத்துப் பாருங்கள்: சேமிப்பு உள்ளவருக்குப் பொதுப்பணத்தில் காப்பீடு, சேமிப்பே இல்லாதவருக்கு ரொட்டி விலை. கடைசியில் 2024 மார்ச்சில் வட்டி 50 சதவீதத்துக்குப் போக வேண்டியிருந்தது. தள்ளிப்போட்ட மருந்து, அளவு கூடித்தான் திரும்பி வந்தது.

எப்போது இது மேல்: செலவு மிகுந்ததால் விலை ஏறும்போதும், நாணயம் சரியும்போதும். எப்போது வேண்டாம்: ஒரு பருவத்து வறட்சியால் மட்டும் உணவு விலை ஏறியிருந்தால். வட்டியை ஏற்றினால் மழை வராது.

## விலைக்கு உச்சவரம்பு

மக்களுக்கு மிகவும் பிடித்த வழி இது. எனக்கு மிகவும் சந்தேகம் தரும் வழியும் இதுதான். அறிவித்த மறுநாளே பலன் தெரிகிறது, அரசுக்கு ஒரு காசு செலவில்லை, வில்லனாக வியாபாரி கிடைக்கிறார். இவ்வளவு வசதியான கொள்கை வேறு ஏது?

1971 ஆகஸ்ட் 15 அன்று ஜனாதிபதி நிக்சன் அமெரிக்காவின் விலைகளையும் கூலிகளையும் 90 நாட்களுக்கு உறைய வைத்தார். 1973இல் மீண்டும் ஒரு முடக்கம் வந்தபோது தீவன விலை ஏறியிருந்தது, கோழியின் விற்பனை விலை உறைந்திருந்தது. வளர்த்தால் நட்டம் என்று கண்ட பண்ணைக்காரர்கள் சிலர் உயிருள்ள குஞ்சுகளைத் தண்ணீர்ப் பீப்பாயில் அமுக்கிக் கொன்றார்கள். கட்டுப்பாடுகள் 1974இல் முடிந்தன. எண்ணெய் நெருக்கடியும் சேர்ந்துகொள்ள, அந்த ஆண்டு இறுதியில் பணவீக்கம் 12 சதவீதத்தைத் தாண்டியது.

பிரேசிலின் 1986 அனுபவம் இன்னும் நாடகத்தன்மை கொண்டது. பிப்ரவரியில் எல்லா விலைகளும் முடக்கப்பட்டன. ஜனாதிபதி சார்னேயின் வேண்டுகோளை ஏற்று, சட்டையில் பட்டை குத்திக்கொண்டு குடிமக்களே கடை கடையாகப் போய் விலையைச் சரிபார்த்தார்கள். சில மாதம் எல்லோருக்கும் கொண்டாட்டம். பிறகு மாட்டிறைச்சி மறைந்தது. முடக்கப்பட்ட விலைக்கு விற்க மனமின்றிப் பண்ணையாளர்கள் மாடுகளை மேய்ச்சல் நிலத்திலேயே வைத்துக்கொண்டார்கள். அரசு போலீஸை அனுப்பி மாடுகளைக் கைப்பற்றும் அளவுக்குப் போயிற்று. அடுத்த ஆண்டே பணவீக்கம் முன்னைவிடப் பெருத்து வந்தது. ஜிம்பாப்வேயில் 2007 ஜூனில் விலைகளைப் பாதியாக்கு என்று உத்தரவு வந்தபோது ஆயிரக்கணக்கான வியாபாரிகள் கைதானார்கள், அலமாரிகள் காலியாயின. இலங்கையில் 2021 செப்டம்பரில் அரிசிக்கு விதித்த உச்சவிலையைச் சில வாரங்களிலேயே திரும்பப் பெற வேண்டியிருந்தது.

இவை பழைய கதைகள், ஏழை நாட்டுக் கதைகள் என்று தோன்றலாம். ஹங்கேரியைப் பார்ப்போம். 2022 பிப்ரவரியில் சர்க்கரை, கோதுமை மாவு, சூரியகாந்தி எண்ணெய், பால், கோழி மார்புக்கறி, பன்றித் தொடைக்கறி ஆகியவற்றின் விலையை முந்தைய அக்டோபர் நிலைக்கு இறக்கினார்கள். கடைக்காரர் என்ன செய்வார்? அந்த ஆறில் விழுந்த பள்ளத்தை வெண்ணெயிலும் ரொட்டியிலும் நிரப்பினார். அந்த டிசம்பரில் ஹங்கேரியின் உணவுப் பணவீக்கம் 40 சதவீதத்துக்கு மேல். மறு மாதம் பொதுப் பணவீக்கம் 25 சதவீதத்தைக் கடந்து ஐரோப்பிய ஒன்றியத்திலேயே முதலிடம். விலை வரம்புகளே பணவீக்கத்தைக் கூட்டுகின்றன என்று அந்நாட்டு மத்திய வங்கியே சொல்லிற்று.

ஏற்றத்தாழ்வுக் கணக்கு இங்கே நுட்பமானது. உச்சவரம்புப் பொருள் கிடைப்பது யாருக்கு? முதலில் வரிசையில் நிற்க நேரம் உள்ளவருக்கு; அடுத்து கடைக்காரரைத் தெரிந்தவருக்கு; பிறகு கள்ளச்சந்தை விலை கொடுக்க முடிந்தவருக்கு. நாள்கூலிக்காரர் இந்த மூன்றிலும் பெரும்பாலும் இல்லை. மலிவு விலைக்கு வாங்கி மொத்தமாகப் பதுக்க, குளிர்பெட்டியும் கைப்பணமும் வேண்டும்.

இதற்கு மாறான சான்று ஒன்றையும் சொல்லாவிட்டால் நேர்மையாகாது. 1985 ஜூலையில் இஸ்ரேல் விலை, கூலி, நாணய மாற்று மூன்றையும் ஒன்றாகக் கட்டிப்போட்டது. முந்தைய ஆண்டுப் பணவீக்கம் 400 சதவீதத்துக்கு மேல். 1986இல் சுமார் 20. அங்கே மட்டும் ஏன் பலித்தது? முடக்கத்தோடு கூடவே பட்ஜெட் பற்றாக்குறையைப் பெருமளவு வெட்டினார்கள். ஹிஸ்தத்ரூத் தொழிற்சங்கக் கூட்டமைப்பு, கூலி தற்காலிகமாகத் தேய்வதற்கு ஒப்புக்கொண்டது. அமெரிக்க உதவியும் இருந்தது. காய்ச்சலுக்கான காரணத்தை மாற்றிவிட்டு வெப்பமானியைப் பிடித்து வைத்தார்கள். மற்றவர்கள் வெப்பமானியை மட்டும் பிடித்து வைத்தார்கள்.

எப்போது இது மேல்: எல்லோரும் ஒருவரைப் பார்த்து ஒருவர் விலை ஏற்றும் சுழலை முறிக்க, சில மாதங்களுக்கு, பற்றாக்குறை வெட்டோடு சேர்த்து. போட்டியே இல்லாத ஏகபோகச் சேவைக் கட்டணங்களுக்கும் பொருந்தும்.

## பொருள் மானியம்

எரிபொருள், மின்சாரம் போன்றவற்றின் சந்தை விலைக்கும் விற்பனை விலைக்கும் இடையிலான வித்தியாசத்தை அரசே கட்டுவது. பொருள் மறையாது, விலையும் ஏறாது. ஆனால் அதிகம் நுகர்பவருக்கே அதிக மானியம். வளரும் நாடுகளின் எரிபொருள் மானியங்களை ஆராய்ந்த சர்வதேச நாணய நிதிய ஆய்வு ஒன்று, மேல்தட்டு 20 சதவீதத்தினர் அடித்தட்டு 20 சதவீதத்தினரைவிட ஆறு மடங்கு பலன் பெறுவதாகக் கண்டது. இரண்டு கார் உள்ள வீட்டுக்கு இரண்டு தொட்டி மானியம்.

இன்னொரு சிக்கல், எண்ணெய் விலை ஏறினால் மானியச் செலவும் தானாக வீங்கும். பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் போக வேண்டிய பணம் அதில் போகும். நிறுத்தப் போனால் ஒரே நாளில் அதிர்ச்சி. நைஜீரியாவில் 2023 மே 29 அன்று மானியம் முடிந்தது என்று புதிய ஜனாதிபதி பதவியேற்பு உரையில் அறிவித்ததும் பெட்ரோல் விலை சில நாட்களில் இரு மடங்குக்கு மேல் ஏறியது. ஏழைகளுக்கான பண உதவி பின்னால் நொண்டிக்கொண்டு வந்தது.

மானியத்திலும் கெட்டிக்காரத்தனம் உண்டு. ரஷ்ய எரிவாயு நின்றபோது ஜெர்மனி 2023இல் வீடுகளின் வழக்கமான பயன்பாட்டில் 80 சதவீதத்துக்கு மட்டும் அலகுக்கு 12 சென்ட் என்று விலையைப் பிடித்தது. அதற்கு மேல் எரித்தால் முழுச் சந்தை விலை. சிக்கனம் செய்தவருக்கு லாபம் மிஞ்சியது. குறை இல்லாமல் இல்லை: பெரிய மாளிகையின் 80 சதவீதமும் பெரியதுதான்.

எப்போது இது மேல்: அதிர்ச்சி குறுகியது என்று உறுதியாகத் தெரியும்போது, அளவுக்கு வரம்பு வைத்து. ஏழைகளே அதிகம் வாங்கும் மலிவுத் தானியத்துக்குக் கொடுக்கும் மானியம், பெட்ரோலுக்குக் கொடுப்பதைவிட எவ்வளவோ நியாயமானது.

## கையில் பணம்

விலையை அதன் போக்கில் விட்டு, தாங்க முடியாதவருக்குப் பணமாகக் கொடுப்பது. பிரேசிலின் போல்சா ஃபமிலியா 2003இல் தொடங்கியது; குழந்தை பள்ளிக்குப் போக வேண்டும், தடுப்பூசி போட வேண்டும் என்ற நிபந்தனையோடு, பெரும்பாலும் தாயின் பெயரில் உள்ள அட்டைக்குப் பணம் போகும். செலவு அந்நாட்களில் நாட்டின் மொத்த உற்பத்தியில் சுமார் அரை சதவீதம். எட்டியதோ மக்கள்தொகையில் கால்வாசியை. அடுத்த பத்தாண்டில் அங்கே ஏற்றத்தாழ்வு தெளிவாகக் குறைந்தது. குறைந்தபட்சக் கூலி உயர்வுக்கும் வேலைவாய்ப்புக்கும் அதில் பெரும்பங்கு உண்டு. ஆனால் 1994இல் ரெயால் என்ற புதிய நாணயத்தைக் கொண்டுவந்து பணவீக்கத்தை முதலில் அடக்கியிராவிட்டால், அட்டையில் விழுந்த பணம் மாதக்கடைசிக்குள் மதிப்பிழந்திருக்கும்.

அதைத்தான் ஈரானில் பார்க்கிறோம். 2010 டிசம்பரில் எரிபொருள் விலையைப் பல மடங்கு ஏற்றிய அரசு, அதற்கு முன்பே ஒவ்வொருவருக்கும் மாதம் 455,000 ரியால் வீதம் வங்கிக் கணக்கில் போட்டுவிட்டது. அன்றைய மதிப்பில் ஏறக்குறைய 45 டாலர். ஐந்து பேர் கொண்ட கிராமத்துக் குடும்பத்துக்கு அது பெரும் தொகை. ஏற்றத்தாழ்வு உண்மையிலேயே குறைந்தது. ஆனால் பணவீக்கத்தோடு தொகை ஏறும் ஏற்பாடு இல்லை. பொருளாதாரத் தடைகள் வந்தன, ரியால் சரிந்தது, விலைவாசி பறந்தது, 455,000 மட்டும் அப்படியே இருந்தது. 2018 இறுதியில் வெளிச்சந்தைக் கணக்கில் அது 5 டாலருக்கும் குறைவு.

இந்தோனேசியா 2005 அக்டோபரில் எரிபொருள் விலையைச் சராசரியாக இரு மடங்குக்கு மேல் ஏற்றி, ஏழைக் குடும்பங்களுக்கு மாதம் 100,000 ரூபியா கொடுத்தது. எரிபொருள் அடியைப் பணம் தாங்கிக்கொண்டது. ஆனாலும் அடுத்த ஆண்டு வறுமை கூடியது. அரிசி இறக்குமதித் தடையால் ஏறிய அரிசி விலையே முக்கியக் காரணம் என்றது உலக வங்கி. ஒரு கையால் கொடுத்ததை இன்னொரு அமைச்சகம் மறு கையால் வாங்கிக்கொண்ட கதை.

பணமாகக் கொடுத்தால் பணவீக்கம் கூடாதா? கடன் வாங்கி எல்லோருக்கும் அள்ளிக் கொடுத்தால் கூடும். 2021 மார்ச்சில் அமெரிக்கா 1.9 லட்சம் கோடி டாலர் திட்டத்தை நிறைவேற்றியது. பிந்தைய விலையேற்றத்தில் அதற்கும் ஒரு பங்கு உண்டு என்பதைப் பலரும் ஏற்கிறார்கள். அதே சட்டத்தில் இருந்த குழந்தை உதவித்தொகை, அரசு உதவிகளையும் வருமானமாகச் சேர்த்துக் கணக்கிடும் துணை வறுமை அளவுகோலின்படி அந்த ஆண்டுக் குழந்தை வறுமையை 5.2 சதவீதத்துக்கு இறக்க உதவியது. நிறுத்தியதும் 2022இல் 12.4. மொத்தத் தொகை பிழையாக இருக்கலாம். அந்த ஒரு பகுதி பிழையில்லை. எதிர்ப்பவர்களும் ஆதரிப்பவர்களும் இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டிப் பேசுவதால்தான் வாதம் முடிவதில்லை.

## வரியும் பற்றாக்குறையும்

இதைத் தனி வழி என்று சொல்வதைவிட மற்ற நான்கும் நிற்கும் தரை எனலாம். இலங்கை 2019 டிசம்பரில் மதிப்புக் கூட்டு வரியை 15இலிருந்து 8 சதவீதமாக வெட்டியது. வருவாய் போனது, பெருந்தொற்று வந்தது, துண்டு விழுந்ததைப் பணம் அச்சடித்து அடைத்தார்கள். 2022 செப்டம்பரில் கொழும்பு விலைக் குறியீட்டின்படி பணவீக்கம் 69.8 சதவீதம். அதற்கு முன் ஏப்ரலில் ஒரே மூச்சில் 7 சதவீதப் புள்ளி வட்டி உயர்வு. 2023 செப்டம்பருக்குள் பணவீக்கம் 2 சதவீதத்துக்கும் கீழே வந்தது. வறுமையோ இரு மடங்கானதாக உலக வங்கி மதிப்பிட்டது. 2024 ஜனவரியில் அதே வரி 18 சதவீதமாகத் திரும்பி வந்தது. வெட்டியபோது அதிகம் செலவழிப்பவருக்கு அதிக லாபம். ஏற்றியபோது, வருமானம் முழுவதையும் செலவழித்தே தீர வேண்டியவருக்கு அதிக வலி.

## ஒரே பார்வையில்

| வழி | விலையில் பலன் | சுமை யாருக்கு | மறைந்த செலவு | வெளியேறுவது |
|---|---|---|---|---|
| வட்டி உயர்வு | ஓராண்டுக்கு மேல் ஆகலாம். செலவு மிகுதிக்கு ஏற்றது | வேலை இழப்போர், கடனாளிகள் | வெளிநாட்டுக் கடன் நெருக்கடி | எளிது |
| விலை வரம்பு | உடனடி, பெரும்பாலும் தற்காலிகம் | உற்பத்தியாளர். பிறகு நாள்கூலிக்காரர் | தட்டுப்பாடு, கள்ளச்சந்தை, மற்றப் பொருள்களில் ஏற்றம் | கடினம் |
| பொருள் மானியம் | உடனடி | வரி செலுத்துவோர் | பலன் மேல்தட்டுக்கு, பட்ஜெட் வீக்கம் | மிகக் கடினம் |
| நேரடிப் பணம் | விலையைக் குறைக்காது. தாங்க உதவும் | வரி செலுத்துவோர் | பட்டியலில் விடுபடுவோர், தேயும் தொகை | நடுத்தரம் |

## எந்த நிலையில் எது?

செலவு மிகுந்து, வேலைவாய்ப்பும் கொழித்து விலை ஏறுகிறதா? வட்டியைச் சீக்கிரம், சிறிது சிறிதாக ஏற்றி, வேலை இழப்போருக்கு நேரடிப் பணத்தைத் தயாராக வைப்பதே என் தேர்வு. எரிபொருளோ தானியமோ வெளியிலிருந்து அடிக்கிறதா? இலக்கு வைத்த பணம் முதலில். இறக்குமதித் தடை இருந்தால் அதை நீக்குவது அதற்கும் முன்னால். அச்சடித்த பணத்தால் நாணயம் சரிகிறதா? பற்றாக்குறையை வெட்டாமல் வேறு எதைச் செய்தாலும் வீண்.

ஒரு விதிவிலக்கு. பயனாளிகள் பட்டியலோ வங்கிக் கணக்கோ இல்லாத நாட்டில் நேரடிப் பணம் என்பது காகிதத்தில் மட்டுமே அழகு. அங்கே மட்டமான தானியத்துக்கு மானியம் கொடுப்பது, பொருளாதார நூல்கள் முகம் சுளித்தாலும், உண்மையில் பசிக்கிற வாயை எட்டும். பட்டியலைப் பஞ்ச காலத்தில் தயாரிக்க முடியாது; விலை அமைதியாக இருக்கும் ஆண்டுகளில் செய்ய வேண்டிய வேலை அது.

அரசின் அறிவிப்பு வெளியாகும் நாளில், தொகையைப் பார்ப்பதற்கு முன் முடியும் தேதியைப் பார்க்கும் பழக்கம் எனக்கு வந்துவிட்டது. ஹங்கேரியின் உணவு விலை வரம்பும் மூன்று மாதத்துக்கு என்றுதான் தொடங்கியது. ஒவ்வொரு முறையும் "இன்னும் கொஞ்ச நாள்" என்று நீட்டி, 2023 ஜூலை இறுதியில் அது முடிந்தபோது பதினெட்டு மாதம் ஆகியிருந்தது.